பித்தப்பைச் சேறும் என் மாமியாரின் உபவாசமும்

என் மாமியாருக்குத் தான் உபவாசம் இருப்பதைவிட, அடுத்தவரைப் பட்டினி போடுவதில்தான் ருசி அதிகம். சித்தூரில் எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறியை எல்லாரும் ஒரு பிடி பிடிப்போம்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வர ஆரம்பித்தது. சும்மா வலியா அது! முதுகு வரை இழுத்துப் பிடித்துச் சுவரில் முட்டிக்கொள்ள வைக்கும். பட்டினி கிடந்தால் மட்டும் வலிக்காது. அதை மாமியார் கவனித்துவிட்டார்.

“துன்னா வலிக்குது, துன்னலன்னா வலிக்கல. ஆண்டவரு இதுக்கு மேல எப்பிடிடீ சொல்லுவாரு?”

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்ததும் எனக்குத் தினமும் உபவாசம். பொழுது சாய்ந்தபின் ஒரு டம்ளர் கஞ்சி. என் பங்குச் சோற்றை என் கண்ணெதிரே நாய்க்குப் போட்டார், பாவி. பிள்ளைக்குப் பால் வற்றிவிட்டது என்று அழுதேன். மாட்டுப்பால் இருக்கிறதே என்றார். என் புருஷனோ மாட்டுப்பால் வாங்கச் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாந்தி நிற்காமல் போன பிறகுதான் அந்த மனுஷன் என்னைத் திருப்பதிக்கு பஸ் ஏற்றினார். ஸ்கேன் எடுத்த டாக்டர் துருத்திக்கொண்டிருந்த என் எலும்பைப் பார்த்தார்.

“ஏமம்மா, அன்னம் தினலேதா?” என்று தெலுங்கில், சோறு தின்னவில்லையா என அதட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார். “நீ சாப்ட்டாத்தான் பித்தப்பை சுருங்கி, பித்தம் வெளிய போவும். பட்டினி கெடந்தா உள்ளயே தேங்கிக் கெட்டியாயிடும். உனக்கு இப்ப சேறு மாதிரி இருக்குது. கல்லாவும் ஆவும், குழாய்ல போயி அடைச்சாலும் அடைக்கும். அடைச்சா உசுருக்கே ஆபத்து. எண்ணெய், கறி வேணாம். மத்ததை வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்புடு.”

வீட்டில் வந்து சொன்னோம்.

“வயித்துல சேறா? நீ என்ன எருமையா?” என்று மாமியார் சிரித்தார். “ஈஸ்டர் அன்னிக்கு நீ சபையில எழுந்து சாட்சி சொல்ற. உபவாசத்துல நோவு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்.”

“போவலியே அத்தை.”

“இப்ப வலிக்குதா?”

“இப்ப இல்ல. சாப்ட்டா…”

“அப்ப போச்சு.”

சொன்னால்தான் சோறு. சொன்னேன். சபையே அல்லேலூயா போட்டது. வீட்டில் அன்று பிரியாணியைத் தவிர வேறொன்றும் சமைக்கவில்லை. டாக்டர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பசி யார் பேச்சைக் கேட்கும்? அள்ளி அள்ளித் தின்றேன்.

வெயில் தாழ்வதற்குள் சுருண்டு விழுந்தேன். சேறு குழாயில் இறங்கி அடைத்து, கணையம் வீங்கிவிட்டதாம். பிழைப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, வாய்க்குச் சொட்டுத் தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலருகே குனிந்து, என் காய்ந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பாத்தியாடீ? கடைசில டாக்டரும் உனக்கு உபவாசந்தான் போட்டுக்கிறாரு.”