மாடி ஏறிய கீரை

பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டோடு சரி. பள்ளிக்கூடத்தில் அவள் தட்டு டீச்சர். ஆண்டின் முதல் பாடத்திலேயே கரும்பலகையை அடைத்துக்கொண்டு ஒரு வட்டம் போடுவாள். வெறும் கையால்தான் போடுவாள், கோணல் மாணல் இருக்காது. கணக்கு வாத்தியாருக்கே அந்த வட்டத்தின் மேல் ஒரு கண். வட்டத்தின் பாதியில் காய்கறியும் பழமும் வரும். மீதிப் பாதியை இரண்டாக வகிர்ந்து, ஒன்றில் ஓடி ஆடத் தெம்பு தரும் சோறும் ரொட்டியும், மற்றதில் உடம்பை வளர்க்கும் பருப்பும் முட்டையும் மீனும் போடுவாள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். "இதுல எதை விடுறீங்களோ, அது உங்க உடம்புல குறையும்" என்பாள். பிள்ளைகள் தங்கள் டிபன் டப்பாவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் படிக்கக் கல்லூரிக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில், "சாப்பிடறதுக்குப் படிப்பு எதுக்கும்மா, வாய் இருந்தா போதாதா?" என்று கேட்டவர் அவளுடைய அப்பா. அவள் பிடிவாதமாகப் படித்தாள், வேலைக்கும் வந்தாள். பெற்றோர் கூட்டம் நடந்தால் மற்ற ஆசிரியர்களின் மேசை காற்று வாங்கும், இவள் மேசைக்கு மட்டும் தாய்மார்கள் முண்டியடிப்பார்கள். என் பையன் காய் என்றாலே ஓடுகிறான், என் பெண் காலையில் ஒன்றும் தொடுவதில்லை என்று புலம்புவார்கள். அவள் சொல்லும் யோசனை பலிக்கும். பல வீடுகளில் பலித்தது, அவள் வீட்டைத் தவிர. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவளுக்கு ஒரே மகள். தாயின் பள்ளியில், தாயின் வகுப்பில்தான் படித்தாள். வீட்டிலும் பாடம் தொடரும்.

"முதல்ல காய் சாப்பிடு. பருப்பு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ. பருப்புல என்ன இருக்கு?"

"புரதம்மா."

"புரதம் எதுக்கு?"

"வளர்றதுக்கும்மா. போதும்மா, பசியில்ல."

பசியில்லாத அந்தப் பெண், கழுவிய கை காய்வதற்குள் மாடிப்படி ஏறிவிடும். மாடியில் இருந்தது டீச்சருடைய ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட, வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட ஆள் கிடைக்காதா என்று காத்திருந்த மகராசி. அவள் வாணலியில் உருளைக்கிழங்கு பொரியும் வாசனை படி இறங்கி வந்து, கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்ளும். உப்பும் எண்ணெயும் அவள் கைக்கு அளவே கிடையாது. ஆனால் மகளுக்கு அதுதான் தேவாமிர்தம்.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. சும்மா அல்ல, திகுதிகுவென்று எரிந்தது. இத்தனை படித்து, பார்த்துப் பார்த்து ஆவியில் வேகவைத்து நான் தருவதைத் தொட மாட்டாள், அங்கே போய்த் தட்டை வழித்து நக்குவாளா? அக்கம்பக்கத்தில் யாராவது மாடிக்காரியின் சமையலைப் புகழ்ந்தால், "ஆமா, நல்லா சமைப்பாங்க, உப்பு மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பாள். அந்த இழுப்பைக் கேட்டவர்களுக்கு விஷயம் புரியும்.

அந்த ஆண்டு, நேற்று இரவு நீங்கள் சாப்பிட்ட தட்டை வரைந்து வண்ணம் தீட்டுங்கள் என்று வகுப்பில் சொன்னாள். மகள் தட்டு முழுக்க மஞ்சளாக உருளைக்கிழங்கு வரைந்து, மேலே 'பெரியம்மா வீட்டுத் தட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். சுற்றி மூன்று பேர் சிரிப்பது போலப் படம் வேறு. மூன்று பேரில் அம்மா இல்லை. எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டுவது வழக்கம். அதையும் ஒட்டித் தொலைக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் மகள் வெளுக்க ஆரம்பித்தாள். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்துச் சோதித்தாள். "ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு. இரும்புச்சத்து டானிக் தரேன். ஆனா சாப்பாட்டையும் சரி பண்ணணும்மா. சத்துணவு பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுக்கோங்க" என்றாள். டீச்சர் தான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "இனிமே மாடிக்குப் போகக் கூடாது. அந்த எண்ணெயும் உப்பும்தான் உன்னை இப்படி ஆக்கியிருக்கு!" அதில் பாதி படிப்பு, பாதி வயிற்றெரிச்சல். எந்தப் பாதி உரக்கப் பேசியது என்பது அவளுக்கே தெரியும். மகள் மாடிக்குப் போவதை நிறுத்தினாள். கீழேயும் கொறித்துவிட்டு எழுந்தாள். இருந்த ஒரு வாசலையும் டீச்சரே அடைத்துவிட்டாள்.

அடுத்த வாரமே காலை வழிபாட்டு வரிசையில் அந்தப் பெண் சுருண்டு விழுந்தாள். ஆசிரியர் அறைப் பெஞ்சில் படுக்கவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். "காலைல ஒண்ணும் சாப்பிடலையா டீச்சர், உங்க பொண்ணு?" என்று கணக்கு வாத்தியார் வருத்தமாகத்தான் கேட்டார். அவளுக்குத் தரை பிளந்தால் தேவலாம் போலிருந்தது. மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள், ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. வெட்கமும் பொறாமையும் எங்கோ போய், வெறும் பயம் மட்டும் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினாள். மூத்தவளான ஓரகத்தி கால் நீட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"அக்கா, அவளைச் சாப்பிடக் கூப்பிடுங்க."

"நீதானே போகக் கூடாதுன்னியாம்?"

"சொன்னேன். தப்புதான்." பல் பிடுங்குவது போல வந்தது அந்த வார்த்தை. "ஆனா கிழங்கு மட்டும் போதாதுக்கா. கீரை, பயறு, முட்டை, இதெல்லாம் உள்ள போகணும். இல்லன்னா திரும்ப விழுந்துடுவா."

"எனக்கு அதெல்லாம் பக்குவமா வராதுடி. கீரை வச்சா எங்க வீட்டுக்காரரே தொட மாட்டாரு."

"நான் சமைச்சுத் தரேன். நீங்க வச்சதா சொல்லிப் போடுங்க."

மூத்தவள் சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முதலில் சிரித்தாள். எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உன் சமையலுக்கு நான் பேர் வாங்கறதா? உனக்குத் தூக்கம் வருமாடி?"

"வராது. பரவால்ல. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு போடுங்க, அப்பதான் கீரையில இருக்கற இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடுக்காதீங்க, அது சேர விடாது."

"சரி சரி, பாடம் நடத்தாதே. நான் ஒரு தடவை கரண்டியப் போட்டுக் கிண்டிடறேன். அப்பதான் முழுப் பொய்யா இருக்காது."

அன்று மாலை பருப்பும் கீரையும் சேர்த்து வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, மூடிய பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு திருடியைப் போலப் படிக்கட்டின் அடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்ன பெரியம்மா இது, கீரையா?"

"கீரைதான். வேணாம்னா வச்சிடு, உங்க பெரியப்பாவுக்குப் போட்டுடறேன்."

தட்டில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, சூப்பரா இருக்கு! அம்மா வைக்கிற கீரை மருந்து மாதிரி இருக்கும் பெரியம்மா."

ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். தான் வைத்த கீரையைப் பார்த்தே பொறாமைப்பட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இது போதாதென்று டீச்சருடைய கணவர் வேறு. மாடிக்குப் போய் அண்ணனோடு உட்கார்ந்து ஒரு கை பார்த்துவிட்டு வந்து, கீழே அதே பானையில் மிச்சமிருந்த அதே கீரையைத் தட்டில் வாங்கிக்கொண்டார்.

"கீரைன்னா அண்ணி வைக்கணும். இதுவும் பரவால்ல. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"சொல்லத் தெரியல. கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கரண்டி அவள் கையில்தான் இருந்தது. அந்த மனிதர் அன்று முழுசாக எழுந்து போனது அவர் செய்த புண்ணியம்.

நாளாக ஆக மூத்தவளுக்கும் மெல்லத் தலை கனத்தது. பக்கத்து வீட்டுக்காரி கீரை பக்குவம் கேட்டால் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவாள். ஒரு நாள் காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நேத்துப் பயறுல உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்டி. பாத்துப் போடு, என் பேரு கெட்டுடப் போகுது" என்று கூசாமல் சொன்னாள்.

அன்றுதான் டீச்சருக்குப் பொறுமை போயிற்று. இன்றோடு இந்த நாடகம் போதும் என்று விறுவிறுவென்று படியேறினாள். மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. மூத்தவளும் தன் தட்டோடு தரையில் உட்கார்ந்து, தான் ஒரு முறை மீன்காரனோடு சண்டை போட்டு, கோபத்தில் மீனை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மறுபடி ஒரு கவளம் எடுத்தாள். முட்டையில் என்ன இருக்கிறது, பயறில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. டீச்சர் வாசலிலேயே நின்றாள். தன் மேசையில் மகள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

மறுபடி ரத்தம் சோதித்தபோது டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "நல்லா ஏறியிருக்கே! டானிக் குடிச்சா மட்டும் இப்படி வராது. சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எங்க பெரியம்மா சமையல், டாக்டர்! கீரை, பயறு எல்லாம் அவங்கதான் போடறாங்க."

"அப்படியா? அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்கம்மா."

டீச்சருக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தாள். உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது, கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"சொல்லிடறேன் டாக்டர்" என்றாள்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது மகள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துத் திருகினாள்.

"அம்மா, கோவிச்சுக்க மாட்டேன்னா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"பெரியம்மாகிட்ட அந்தக் கீரை எப்படி வைக்கறதுன்னு நீயும் கத்துக்கோயேன். எனக்கு நம்ம வீட்டுல, உன்கூட உக்காந்து சாப்பிடணும்னு ஆசையா இருக்கு."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள். "கத்துக்கறேன்" என்றாள்.

மகள் விடவில்லை. அன்றைக்கே கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். மூத்தவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு பருப்பைக் கழுவிப் போட்டாள், கீரையைப் போட்டாள், அதற்குமேல் என்ன என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள்.

"அடுத்து பூண்டுதானே அக்கா?" என்றாள் மாணவியாகிவிட்ட டீச்சர் பவ்யமாக.

"ஆங், பூண்டுதான். இத்தன சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டியே, கெட்டிக்காரிதான்!"

"கவனமா பாத்துக்கோம்மா" என்றாள் மகள்.

மறுநாள் டீச்சர் கணவருக்கும் மகளுக்கும் தனக்குமாகக் கீழ்வீட்டு மேசையில் மூன்று தட்டு வைத்தாள். கீரையைப் பரிமாறி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். எதற்காகப் பிழிகிறோம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டாள். வழக்கமாக நின்றுகொண்டே பரிமாறுபவள் அன்று தானும் தட்டோடு உட்கார்ந்தாள். கணக்கு வாத்தியார் பேருந்தில் குடைக்குப் பதிலாக யாருடைய கைத்தடியையோ எடுத்துக்கொண்டு வந்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மூத்தவள் அளவுக்குக் கதை சொல்ல வரவில்லைதான். ஆனாலும் மகள் சிரித்தாள். ஒரு கவளம் வாயில் போட்டு, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக் கொட்டி, பரிசோதகரைப் போல யோசித்தாள்.

"பெரியம்மா அளவுக்கு வரல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக் இந்த ஜென்மத்தில் போகாது.

"ஆனா நல்லாருக்கும்மா. இன்னும் ரெண்டு கரண்டி போடு."

போட்டாள்.