நான் எழுதிய இருபத்துநாலு

உபகாரம் அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் தலையிலிருக்கும் சும்மாட்டை அவிழ்ப்பார். துண்டை ஓர் உதறு உதறி, முன்னைவிட இறுக்கமாகச் சுருட்டி மறுபடி தலையில் வைப்பார். எதிரில் நிற்பவர் அதற்குள் நகர்ந்துவிட வேண்டும். பெருமாள்மலைக் கடைத்தெருவில் அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு.

பதினொரு வருடமாக அந்தச் சும்மாட்டின் மேல் ரொட்டிப் பெட்டி இருந்தது. கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் தகரப் பெட்டி வந்து இறங்கும். அதைச் சுமந்துகொண்டு பேத்துப்பாறைப் பாதையிலுள்ள எஸ்டேட் பங்களாக்களுக்கும் கன்னியர் மடத்துக்கும் நடப்பார். உயரம் ஐந்தடியைத் தொடாது. தூரத்தில் பார்த்தால் பெட்டிக்குக் கால் முளைத்தது போலிருக்கும்.

1961 தவக்காலத்தில் ரொட்டிக் கம்பெனிக்கு சேனாதிபதி என்ற புது மானேஜர் வந்தார். அவர் பெருமாள்மலைக்கு வந்து சொன்னது இதுதான்: "ஈஸ்டரோட சீசன் ஆரம்பம். இனிமே தலைச்சுமை கிடையாது. சொந்த சைக்கிள் வச்சிருக்கவனுக்குத்தான் இந்த லைன். மூணு வாரம் கழிச்சு வர்ற சனிக்கிழமை பெட்டியைக் கேரியர்ல வச்சு என் முன்னால ஓட்டிக் காட்டு. இல்லைன்னா நாச்சிமுத்து பாத்துக்குவான்." நாச்சிமுத்துவிடம் ஏற்கெனவே சைக்கிள் இருந்தது.

புது சைக்கிள் வாங்க அண்ணனுக்கு வழியில்லை. அதனால் துண்டு துண்டாகச் சேர்த்தார். பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் ஜீப் ஏறி நசுங்கிய ஒரு சைக்கிளின் சக்கரங்கள் தப்பியிருந்தன. அவற்றைத் தூக்கி வந்தார். ஹேண்டில்பாரும் சீட்டும் ஒரு பங்களாத் தோட்டக்காரர் கொடுத்தார். பிரேம் மட்டும் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் பழைய பிரேம் விற்கும் கடை ஒன்று உண்டு, கடிதம் போட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். தெருவில் பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன்தான். வேலை கிடைக்காததால் வீட்டிலேயே இருப்பேன்.

ஒரு வெள்ளை நூலை என் மேசையில் வைத்தார். ஒரு முனையில் முடிச்சு இருந்தது.

"தம்பி, இது குதிகாலிலேருந்து கவட்டை வரைக்கும் அளந்தது. எம் வீட்டுக்காரி அருள்மேரிதான் அளந்தா. இதுக்குத் தக்கன பிரேம் வேணும்னு எழுதுங்க."

நான் சிரித்தேன். "அண்ணே, கால்சட்டையா தைக்கப் போறாங்க? சைக்கிளுக்கு நம்பர்தான். இருபது, இருபத்திரண்டு, இருபத்துநாலு."

"அந்த நம்பரு எதோட அளவு?"

எனக்குத் தெரியாது. மதுரையில் மூன்று வருடம் வாடகை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அந்த எண் சக்கரத்தைக் குறிக்கிறதா, கம்பியைக் குறிக்கிறதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, "எல்லாரும் ஓட்டுறது இருபத்துநாலு. இருபதெல்லாம் பொடிப்பயலுக ஓட்டுறது. உங்களுக்கு அது மரியாதையா இருக்குமா?" என்றேன். மரியாதை என்றதும் அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இருபத்துநாலு என்று எழுதி அனுப்பினேன். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அந்த வெள்ளை நூலை அடையாளமாக வைத்தேன்.

வியாழக்கிழமை பிரேம் பஸ் மேலிருந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி முடித்து அண்ணன் சீட்டில் ஏறினார். பெடல் மேலே வரும்போது பாதம் தொட்டது. கீழே போனதும் கால் அந்தரத்தில் தொங்கியது. சீட்டை அடிவரை இறக்கிப் பார்த்தோம். அப்போதும் எட்டவில்லை.

அவர் இறங்கி சும்மாட்டை அவிழ்த்தார்.

"நூலு எங்கலே?"

'தம்பி' போய்விட்டது. 'ங்க'வும் போய்விட்டது.

"வீட்ல இருக்குண்ணே. எல்லாரும் ஓட்டுறது..."

"எல்லாரும்னா யாருலே? எங்காலு என்ன, ஊருக்குப் பொதுக்காலா? படிக்கத் தெரியாதவன் நூலு போட்டு அளந்து குடுத்தேன். படிச்சவன் நீ அத என்ன செஞ்ச?"

அவர் மனைவி அருள்மேரி வாசலில் நின்று, "அவருக்கு எல்லாம் தெரியும்ல, விடுங்க" என்றார். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

வாய் சும்மா இருக்காமல் நான் சொன்னேன்: "நாளைக்கு மட்டும் குரங்குப் பெடல் போட்டுச் சமாளிச்சிரலாமே?"

சீட்டில் உட்காராமல், நடுக்கம்பிக்குக் கீழே ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு எட்டு வயதுப் பையன்கள் ஓட்டுவது அது. அவர் கையிலிருந்த ஸ்பானர் என் காதோரம் பறந்து சுவரில் பட்டது.

ஆனால் சனிக்கிழமை அவர் அப்படித்தான் ஓட்டினார். வேறு வழியில்லை. கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, பின்னால் ரொட்டிப் பெட்டி ஆட, நாற்பது வயது மனிதர் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் கோணிக்கோணிப் போனார். யாரோ "ஏலே, கொரங்குப் பெடலு!" என்று கத்தினார்கள். சேனாதிபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்படிப் போனா பங்களாக்காரங்க ரொட்டிய வாங்கிட்டு வாழைப்பழம் குடுப்பாங்கய்யா!"

தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கணம்தான். வந்தது வந்ததுதான்.

அண்ணன் சைக்கிளை நடுரோட்டில் சாய்த்தார். பெட்டியை இறக்கித் தலையில் வைத்தார். "ரொட்டி நேரத்துக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லி நடந்தார்.

எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் பொங்கியது. சேனாதிபதி மேல், தெருவின் மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் பேனாவின் மேல். மானேஜரிடம் போனேன். "தப்பு என்னோடது சார். அளவு தெரியாம நான்தான் மாத்தி எழுதிட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"நீதான் பி.ஏ.வா?"

"ஆமா."

"தெரியாதா உனக்கு?"

"தெரியாது சார்."

அது அவருக்கு இன்னொரு சிரிப்பு. "சரி, திங்கக்கிழமை முதல் பஸ். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அருள்மேரியிடம் ஸ்பானர் கேட்டு, சைக்கிளைப் பிரித்து, பிரேமைத் தோளில் போட்டு, புத்தகத்திலிருந்த நூலையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போனேன். கடைக்காரர் நூலை நீட்டிப் பிடித்து, அடுக்கி வைத்திருந்த பிரேம்களில் சீட்டுக் குழாயோடு ஒட்டிப் பார்த்தார். எண் அந்தக் குழாயின் நீளமாம். ஒரு நிமிட வேலை.

"இந்த நூலுக்கு இருபதுதான். எந்த மடையன் இருபத்துநாலு எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

பிரேமை மாற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அண்ணன் என் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கி அதைப் பூட்டினார். திங்கட்கிழமை சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெட்டியோடு பாலம் வரை ஓட்டித் திரும்பினார். பெடல் எவ்வளவு கீழே போனாலும் பாதம் அதை விடவில்லை. பார்க்க மானேஜர் வரவில்லை. "சைக்கிள் இருந்தா ஓட்டட்டும்" என்று கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார். பனியில் கடைகள் திறக்கவில்லை. அண்ணன் சரியாக ஓட்டியதைப் பார்த்தது நானும் கண்டக்டரும்தான்.

லைன் அவருக்கே நின்றது. ஆறு வருடமாக அதே சைக்கிளில்தான் போகிறார். ஊர் இன்னும் அவரைக் குரங்குப் பெடல் உபகாரம் என்கிறது. போன மாதம் டீக்கடையில் ஒருவன் அப்படிக் கூப்பிட, நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அண்ணன் என் கையை விலக்கினார்.

"அவன விடுலே. அவன் அன்னைக்குத் தெருவுலயே இல்ல. நீ இருந்த. பெடல்ல குனிஞ்சுக்கிட்டே பாத்தேன், நீ சிரிச்ச."

சும்மாடு இல்லாத தலையில் அவர் கை ஒரு தடவை போய் வந்தது. பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.