சமையல்காரியின் மனசுக்குள் புகுந்தவர்

மின்விசிறித் தொழிற்சாலையில் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவரை எல்லோரும் கரண்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அவருடைய சமையலறைக்கும் தொழிற்சாலையின் வாசிப்பு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்த அறை அலமாரியில் இருந்த நூற்று நாற்பது புத்தகங்களையும் அவர் படித்து முடித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பதிந்திருந்த எண்ணெய் விரல் தடமே அதற்குச் சாட்சி. அறையின் பொறுப்பில் இருந்த நலத்துறை அதிகாரி மட்டும், தொழிலாளர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று வருடம் தவறாமல் அறிக்கை எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவர். இருபத்தெட்டு வருடமாக வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் வெளியிட்ட ஒரே விமர்சனம், “ம்.” அதைக் கேட்டு உப்பு கூடியதா குறைந்ததா என்று அக்காதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு, மனசில் தோன்றியதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சொல்ல இடம் கொடுத்தது சாப்பாட்டுக்கூடத்துக் கரும்பலகை. அன்றன்றைய சமையலை அதில் எழுதிப்போட வேண்டும். ஆனால் சாக்பீஸ் பிடித்த கை அண்டா பக்கம் வரக்கூடாது என்பது அக்காவே போட்ட சட்டம். அதனால் காலை பத்து மணிக்குக் காய்கறி கொண்டுவந்து இறக்குகிற சரக்கறை எழுத்தர்தான் பலகையில் எழுதுவார். அச்சடித்தது போல் கையெழுத்து. அக்கா உள்ளே கிண்டிக்கொண்டே பரிமாறும் ஜன்னல் வழியாகச் சொல்லுவார்; அவர் வெளியே நின்று எழுதுவார்.

நாலு வருடம் முன்பு ஒரு நாள், முளைவிட்ட உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று வந்து இறங்கியது. மசாலாவை அள்ளிப் போட்டு மறைத்துவிடு என்றார் சாப்பாட்டுக்கூடத்தை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தவர். அக்காவுக்குச் சுருக்கென்றது. மோசமானவற்றைக் கழித்துப் போட்டுவிட்டு, பலகையில் இப்படி எழுதச் சொன்னார்: “கிழங்குக்கு வயதாகிவிட்டது. முளையை நீக்கி, தோலை உரித்துத்தான் போட்டிருக்கிறேன். பயப்படாமல் சாப்பிடவும்.” அன்றைக்கு அண்டா வழித்தெடுத்தது போல் காலியானது.

அதிலிருந்து தினமும் ஒன்று. “சூப்பில் முட்டைக்கோஸ் இருக்கிறது. தேடுகிறவருக்குக் கிடைக்கும்.” “இன்றும் கத்தரிக்காய். நேற்று அது இன்னும் இளமையாக இருந்தது.” அதிகாரிகளின் மேசைக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு முட்டை போய்க்கொண்டிருந்த காலத்தில், “முட்டை தலைக்கு ஒன்று. இரண்டு தலை உள்ளவர் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளவும்” என்று வந்தது. மறுநாள் முதல் அந்த மேசைக்கும் ஒன்றுதான். இரண்டு வருடம் மனுக் கொடுத்தும் நடக்காதது அது.

ஆட்கள் சாப்பாட்டுக்கு முன்னால் பலகையைப் படித்தார்கள். சிலர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். எழுதுகிறவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, சாக்பீஸும் கையுமாக நிற்கிறவரைக் காட்டினார்கள். உள்ளே புகையில் நிற்கிறவரை யார் பார்த்தார்கள்?

எழுத்தர் கெட்டவர் இல்லை. முதலில் மறுத்தார். பிறகு மௌனமானார். பிறகு தலைமுடியை வளர்த்தார். போன மாதம் முதல், மூட்டைகளை எண்ணும்போது நடுவில் நிறுத்தி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவருடைய தாத்தா ஊரில் பத்திரம் எழுதியவராம்; எழுத்து அந்த ரத்தத்திலேயே ஓடுகிறதாம். நலத்துறை அதிகாரி இதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னார். பரம்பரை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஆதாரம் கேட்க நம் ஆட்களுக்கு வாய் வருவதில்லை.

ஆண்டு விழாவுக்குப் பலகை வாசகங்களைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள், அட்டையில் எழுத்தரின் படம், மேடையில் அவருக்குச் சிறந்த படைப்பாளி விருது என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்கா திங்கட்கிழமை எழுத்தரைப் பிடித்தார்.

“ஏன் தம்பி, இதெல்லாம் நான் எழுதலைன்னு சொன்னீங்களா இல்லையா?”

“ரெண்டு தடவ சொன்னேன்க்கா. தன்னடக்கம்னுட்டாங்க.”

செவ்வாய்க்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கே போனார். வாசகம் தன்னுடையது, புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். ‘போட்டிருக்கிறேன்’ என்று இருப்பதைப் படித்தாலே தெரியுமே, கிழங்கு உரித்தவர் யார் என்று கேட்டார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அங்கதாம்மா அந்த ஆளோட திறமை நிக்குது. ஒரு சமையல்காரியோட மனசுக்குள்ள புகுந்து எழுதுறதுன்னா சும்மாவா?”

“புகுந்தவர் ஒரு நாளாவது பாத்திரம் கழுவிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம் சார்.”

அவர் சிரிக்கவில்லை. எப்படியிருந்தாலும் அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. விருதும் புத்தகமும் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று விதியை எடுத்துக் காட்டினார். அக்கா ஆக்கிய சோற்றை ஜீரணிக்க இந்த விதி யாருக்கும் குறுக்கே நின்றதில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு எழுத்தர் சாக்பீஸோடு ஜன்னலருகே வந்து நின்றார். அக்கா வெளியே வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு, கரண்டியை அவர் கையில் கொடுத்தார். பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, அடி வரைக்கும் விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பலகைக்குப் போனார்.

கையொப்பத்தைத் தவிர எதையும் எழுதிப் பல வருடமாகியிருந்தது. முதல் எழுத்து பூசணிக்காய் அளவு. வரியின் ஓரத்துக்கு வரும்போது இடம் போதாமல் கடுகாகிவிட்டது. அழித்தார். மறுபடி எழுதினார். அழித்த இடமெல்லாம் வெள்ளையாகிப் பலகை ஈரத் துணிக்கு ஏங்கியது. ஒரு வரி முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தே விட்டது. தட்டோடு வந்த கூட்டம் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தது. அடுத்த எழுத்து என்னவென்று பந்தயம் கட்டியது.

“நாலு வருடமாக இந்தப் பலகையில் வந்ததெல்லாம் என் வார்த்தை.”

யாரோ ஒருவர், எழுத்தர் இப்போது சமையல்காரி கையாலேயே எழுத வைக்கிறார், என்ன ஒரு உத்தி என்று வியந்தார். அக்கா சாக்பீஸை இறக்கினார். எதை எழுதினாலும் அது அந்த ஆளின் கணக்கில்தான் போய்ச் சேரும் போலிருந்தது.

அப்போதுதான் மூக்குக்கு அந்த வாசனை வந்தது. அக்கா ஓடவில்லை. இனி ஓடிப் பயனில்லை என்பது வாசனையிலேயே தெரிந்தது. மறுபடி பலகைக்குத் திரும்பி, தயங்காமல் எழுதினார்.

“பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. தவறு என்னுடையது. கிண்டத் தெரியாதவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டேன்.”

மின்விசிறிக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் இருக்கும் பெண் இதை உரக்கப் படித்தாள். முந்நூறு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. உள்ளே எழுத்தர், கரண்டியைப் பேனா போல் மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, புகைக்கு நடுவில் இருமிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். எழுத்து கோணல், படிக்க முடியவில்லை என்றார்.

“எங்களுக்குப் படிக்க வருதே சார்” என்றாள் காயில்காரி.

வேறு வழியில்லாமல் அதிகாரி எழுத்தரையே கேட்டார். எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையாக இருக்கலாம்.

“நாலு வருஷமா அக்கா சொன்னதத்தான் சார் எழுதினேன். இந்த பீன்ஸ் மட்டும்தான் என்னோட சொந்தப் படைப்பு.”

புத்தகம் வரவில்லை. அக்காவின் பெயரைப் போட விதி இடம் தரவில்லை, எழுத்தரின் பெயரைப் போட முகம் இடம் தரவில்லை. விருதை அந்த வருடம் தோட்டத்தை நன்றாக வைத்திருந்ததற்காக ஒரு மேலாளருக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றியவர் கைதட்டினார்.

பீன்ஸ் தீய்ந்த மறுநாள், வியாழக்கிழமை மதியம், காயில்காரி தட்டை நீட்டியவள், வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நேத்து ‘தவறு என்னுடையது’ன்னு நிறுத்தியிருக்கணும். கடைசி வரி வேண்டாதது.”

நாலு வருடமாக இந்த மாதிரிப் பேச்செல்லாம் எழுத்தரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டார்.

“ஏண்டி வேண்டாதது? அந்த வரி இல்லேன்னா தீச்சது நான்னு ஆயிடாதா?”

இரண்டு பேரும் அந்த வரியை விடுவதாக இல்லை. பின்னால் வரிசை வாசல் வரை போய்விட்டது.