ஜெனரேட்டருக்கு ஒரு வேட்டி

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும். வந்தால் சும்மா போகாது, தென்னை மட்டையை ஒடித்துக் கம்பியில் போட்டுவிட்டுப் போகும். முன்பெல்லாம் கரண்ட் போனால் விசிறியைத் தேடுவோம், அவ்வளவுதான். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஓலை அசைந்தாலே நான் எழுந்து போய்க் கம்பியைப் பார்ப்பேன்.

அவருக்கு ஆக்சிஜன் தருவது சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அறையில் இருக்கும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். கரண்ட் இல்லையென்றால் அது வெறும் பெட்டிதான். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம். கரண்ட் போனதும் யாராவது ஓடிப்போய்க் குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

“பெட்டிக்கு மட்டும் சின்னதா ஒரு இன்வெர்ட்டர் போதும்லே. இதுக்குப் போயி ஜெனரேட்டரா?” என்றார் அண்ணன், நான் பேச்சை எடுத்ததும்.

போதும்தான், அவர் ஓர் அறையில் இருந்தால். போலீஸிலிருந்து ரிட்டயர் ஆகியும் ரோந்தை விடவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு காலையில் முன்கூடத்தில் இருப்பார். கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்குப் போய், அவர் மனைவி, என் மதினி, வைக்கும் குழம்பில் குறை சொல்லுவார். மத்தியானம் பின்கட்டு. இரண்டு குடும்பத்துக்குச் சேர்த்துக் கட்டிய பெரிய வீடு. எந்த நேரம் எந்தப் பிளக்கில் சொருகியிருப்பார் என்று சொல்ல முடியாது. ஒன்று வீடு முழுக்கக் கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கட்டிலோடு ஓர் அறையில் வைக்க வேண்டும். இரண்டாவதை மதினியும் நானும் வாய்விட்டுப் பேசவில்லை.

பின்பக்கம் சிமெண்டு மேடை போட்டு ஜெனரேட்டரை இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கு இரும்புக் கூண்டு, அதற்குள்ளே எஞ்சின். நான் எட்டாவதோடு நின்றவன். தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்ட வயதெல்லாம் தாண்டிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த மெக்கானிக்கை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“கரண்ட் போனது இதுக்கு எப்படித் தெரியும்?”

“இவனுக்குத் தெரியாது அண்ணாச்சி. அங்கன சுவத்துல ஒரு பெட்டி மாட்டிருக்கோம்லா, அதுதான் லைனப் பாத்துக்கிட்டே இருக்கும். கரண்ட் நின்னா இவன எழுப்பி விடும். இவன் எந்திரிச்சு நிதானத்துக்கு வந்ததும் வீட்ட இவன் பக்கம் மாத்திரும்.”

“அதுவரைக்கும்?”

“ஏழெட்டு செகண்டு இருட்டுதான்.”

அந்த ஏழெட்டு செகண்டில் அண்ணன் என்ன செய்வார் என்று நான் ஆரம்பிப்பதற்குள், சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அவரே பேசினார்.

“ஐந்தருவில தலையக் குடுத்தா இதவிட நேரம் மூச்சடைக்கும். நீ போலே.”

எஞ்சினை ஓடவிட்டபோது கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் பட்டை பட்டையாகத் திறப்பு இருந்தது. கையை வைத்தால் உள்ளே இழுத்தது. எதிர்ப்பக்கம் சூடாக ஊதியது.

“மூச்சா விடுதான்?”

“ஆமா அண்ணாச்சி. இல்லன்னா உள்ளயே வெந்துருவான்லா.”

வேலை முடிந்து அவர்கள் போன மறுநாள் வெள்ளிக்கிழமை. மதினி பூசைத் தட்டோடு வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், இதற்குச் சக்கரம் கிடையாது. யோசித்து, மேடையின் நாலு மூலையிலும் வைத்தார். சந்தனம், குங்குமம், மாலை. அப்புறம் ஒரு புது வேட்டியைப் பிரித்தார்.

“வீட்டுக்குக் காவலா நிக்கவன் வெறும் மேலோட நிக்கலாமா தம்பி?”

எங்கள் பக்கம் காவல் சாமிக்கு வேட்டி கட்டாமல் இருப்பார்களா? கூண்டைச் சுற்றிக் கட்டி முடித்ததும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே காற்று ஏறி, கரண்ட் போனது. அண்ணனின் பெட்டி கீச்சென்று கத்தியது. நான் சிலிண்டர் பக்கம் திரும்பினேன். பின்னால் ஓர் உறுமல், உடனே தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது.

“எந்திரிச்சிட்டான்லே,” என்றார் அண்ணன்.

காப்பி கொதிப்பதற்குள் உறுமல் நின்றுவிட்டது. பெட்டி மறுபடி கத்தியது. நான் ஓடிச் சிலிண்டருக்குக் குழாயை மாற்றினேன். திருகு கைக்கு வசப்படவில்லை. “பதறாமத் திருப்பு” என்றார் அண்ணன், பாதி மூச்சில். அவர் முகம் தெளிந்த பிறகு மதினி மெதுவாகச் சொன்னார்.

“பேசாம அவுக கட்டிலுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும் தம்பி. சிலிண்டரையும் அங்கனயே வச்சிருவோம்.”

அண்ணன் ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரலில் நனைந்துகொண்டே பின்பக்கம் போனேன். ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றை இழுக்கிற பக்கம், நனைந்த வேட்டி பட்டைகளின் இடுக்கெல்லாம் உறிஞ்சப்பட்டு, ஒட்டிப்போய்க் கிடந்தது. அதை உரித்தேன். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

“என்னத்தக் கட்டிருக்கிய?”

“வேட்டி.”

“வேட்டியா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“அவுத்தாச்சுல்லா? நல்லா ஆறட்டும் அண்ணாச்சி. பொறவு அந்தச் செவப்பு பட்டன அமுக்கிப் பாருங்க.”

ஆறவிட்டு அமுக்கினேன். எழுந்துகொண்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. நான் குழாயைப் பெட்டிக்கே மாற்றிவிட்டு, நெடுநேரம் சிலிண்டரில் கை வைத்தபடியே நின்றேன்.

மதினி வேட்டியைப் பிழிந்தார். “நான் என்னத்தக் கண்டேன்,” என்றார்.

“கொண்டா, நான் கட்டிக்கிடுதேன்,” என்றார் அண்ணன்.

“நீங்க ஒரு எடத்துல நின்னாத்தான கட்டி விடுததுக்கு.”

அதைக் கேட்டதும் அண்ணன் எழுந்தார். பெட்டியைப் பின்கட்டு வரை உருட்டி, அங்கே சொருகிவிட்டு, குழாய் எட்டும் மட்டும் வெளியே நடந்தார். நான் குடை பிடித்தேன். கூண்டின் பட்டைகளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“நல்ல நுரையீரல்லே இவனுக்கு. அந்தப் பக்கம் எப்படி இருக்கு?”

குழாய் அதற்கு மேல் வராது. குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சுற்றிப் போனேன்.

“சூடா ஊதுதுண்ணே.”

“எவ்வளவு சூடு?”

“சட்டை காஞ்சிரும்.”

அவர் நம்பாதவர் போலக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு நீ தென்காசிக்குப் போனா, இதவிட நீளமா ஒரு குழாய் வாங்கிட்டு வா.”

சரி என்றேன். நீளக் குழாய் யார் காலிலாவது சிக்கினால் என்ன செய்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.