சாமிக்கு ஒதுக்கிய அரை மணி

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. "சாமி, சோத்துக்கு வா", "சாமி, அந்தச் சொம்ப எடு" என்றுதான் விடிந்ததிலிருந்து படுக்கிறவரை. எடப்பாடிப் பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைச் சொன்னால், வேறு யாரையோ என்று சும்மா உட்கார்ந்திருந்து தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்குள்ளேயே தறி. அப்பா நெய்வார், அம்மா ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல். அப்பா நெய்ய நெய்யத் தீர்ந்துகொண்டே இருக்கும். அம்மாவின் கை நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பாவின் வாய் ஆரம்பிக்கும்.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏனுங்க, மத்தியானத்துல எனக்கு ஒரு அரை மணி நேரம் உடுங்க. சாமியோட தனியா உக்காரோணும்."

"வெள்ளிக்கெழம வெளக்குப் பத்தவெச்சுக் கும்புடறயே, பத்தாதா?"

"கன்னத்துல போட்டுக்கறதுக்குள்ள தாருன்னு கூப்புட்டர்றீங்க. ஒரு வார்த்த நின்னு பேச முடியறதில்லீங்க."

அப்பா சிரித்தார். "சாமிகிட்டப் பேச அத்தன என்ன இருக்குது உனக்கு?"

"இருக்குதுங்க."

"அப்ப தாரு?"

"வெள்ளனா எந்திரிச்சுச் சேத்திச் சுத்தி வெச்சர்றேனுங்க."

அப்பா சரி என்று கையைக் கழுவப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னோடு தனியாக உட்கார அப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு நேரம் வாங்கியிருக்கிறாள்! அந்த வீட்டில் சாமி நான்தானே. சுவரில் மாட்டியிருந்த முருகனை யாரும் சோற்றுக்குக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மறுநாள் மதியச் சோற்றுக்கு வந்தவள் தலையைப் படிய வாரிக்கொண்டு, நோன்புக்கு எடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னாலேயே உள்ளறைக்குப் போய் முருகன் படத்துக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்த அம்மா திகைத்து நின்றாள்.

"என்ன சாமி, இங்க?"

"நீதான சாமியோட உக்காரோணும்னு சொன்ன."

அம்மா படத்தை ஒருமுறை பார்த்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, "செரி, சொல்லு" என்றாள்.

சொன்னேன். பலப்பம் உடைந்தது, பக்கத்துப் பிள்ளை கிள்ளியது, எல்லாவற்றையும். ஒன்றரை மணி பஸ் ஆரன் அடிக்கிறவரைக்கும் சொன்னேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சிலசமயம் அம்மாவின் கண் என் தலைக்கு மேலே படத்துக்குப் போகும். முகவாயைப் பிடித்து இறக்கி, "என்னையப் பாரு" என்பேன். பார்ப்பாள்.

இது எத்தனை நாளைக்கு நடந்திருக்குமோ, ராசிபுரத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்துவிட்டார். அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். கதவு இடுக்கில் நின்று கேட்டுவிட்டு நேராகத் தறியண்டை போனார்.

"ஏந்தம்பி, சாமி கும்புடறேன்னு உம்பொண்டாட்டி உள்ள போயிப் புள்ளையோட ஊர்க்கத பேசிட்டிருக்கறா. நீ இங்க மாங்கு மாங்குன்னு மிதிச்சிட்டு இரு."

அப்பாவின் கால் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டார்.

"இதுக்கா அரை மணி கேட்ட? கத பேசறதுக்குன்னா நாளையிலிருந்து அது கெடையாது."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"சாமிகிட்டத்தானுங்க பேசிட்டிருந்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாவா சாமி?"

"ஆமாங்கப்பா" என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கென்ன பயம்?

"புள்ள பொய் சொல்லாதுக்கா" என்று அப்பா மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். "நல்லாருக்குது உங்க ஊட்டுக் கும்புடு" என்று அத்தை வெற்றிலையை எடுத்து மடித்தார்.

மறுநாள் உள்ளே போனதும் அம்மா சொன்னாள். "இன்னிக்கு நீ ஒண்ணும் பேசப்படாது. நான் பேசறேன். சாமி கேக்கோணும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் அவள் கேட்டாளே. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு வந்து நின்று, பிறகு இறங்கியது. அழுகிற முகமாக இல்லை. வெகுநாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தவள் முகம் மாதிரி இருந்தது. கிட்டப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்கவும் கூச்சம். சாமியாக இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா?

பஸ் ஆரன் அடித்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். அவளை வெறுமனே எழுப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

என்ன கேட்டாள் என்று தெரியாமலே, சரி என்று பெரிதாகத் தலையை ஆட்டினேன்.