மாடசாமி வெட்டிய கிணறு

மலாய் நாட்டில், மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த சின்னத்தம்பி, அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை கையெழுத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசை வைத்துக்கொண்டு என்ன கிழித்தார் என்று கேட்டால், முப்பது வருஷம் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார். இடுப்பு போனதும் எஸ்டேட் அவரைக் கைகழுவிவிட்டது. ஐம்பது வயதுக்குமேல் பரீட்சை எழுதி, வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படகேறிப் பக்கத்துத் தீவுக்குச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்.

தீவில் ஒரு பழைய கிணறு உண்டு. சுற்றிலும் உப்புக்கடல், இதில் மட்டும் குடிக்கிற தண்ணீர். பாசி படிந்த அதன் விளிம்புக் கல்லில், 'மாடசாமி தோண்டினது. நல்ல தண்ணி' என்று உளியால் கொத்தியிருந்தது. முதல் நாளே படித்துவிட்ட சின்னத்தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரன் பேரில் ரோடு இருக்கிறது, மலை இருக்கிறது; மண்ணை வெட்டிய நம் ஆளுக்கு இந்த ஒரு கல்தான். நாலு வருஷம் வந்தவர் போனவருக்கெல்லாம் மாடசாமியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பிறகு தீவைக் குத்தகைக்கு எடுத்து, வழிகாட்டிகளையும் கான்ட்ராக்டில் வைத்துக்கொண்டது ஒரு கம்பெனி. அதற்கு மேனேஜராக வந்தான் கிருபாலன். அவனும் தமிழன்தான், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அவன் அச்சடித்த விளம்பரத் தாளில் அது 'மர்மக் கிணறு' ஆகிவிட்டது. யாராலும் வாசிக்க முடியாத ஆதிகால எழுத்தாம்.

சின்னத்தம்பி அவன் ஆபீசுக்கே போய் நின்றார். "சார், அது தமிழு. கெணறு வெட்டுன ஆளோட பேரு."

"தெரியும் அங்கிள். கூலிக்காரன் வெட்டுன கெணத்தப் பாக்க எவன் டிக்கெட் எடுத்து வருவான்? மர்மம்னாத்தான்லா வருவான்." தேன் ஒழுகச் சிரித்தான். "அடுத்த வாரம் ஒங்க கான்ட்ராக்ட் ரினியூ பண்ணணும். அதுக்கு முன்ன ஒரு டிரிப் நானும் கூட வர்றேன்."

இந்த வேலையும் போனால் புக்கிட் காத்திலில் ஏதாவது தாமான் குடியிருப்பில், கேட்டைத் திறந்து மூடும் ஜாகா வேலைதான். ராத்திரி பகலாக நிற்க அவர் இடுப்பு இடம் கொடுக்காது.

சொன்னபடியே கிருபாலன் வந்து, கூட்டத்தின் பின்னால் கைகட்டி நின்றான். சின்னத்தம்பி கல்லைக் காட்டி, இந்த எழுத்தை இதுவரை யாராலும் படிக்க முடியவில்லை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். சொல்லும்போது நாக்கு கூசியது.

ரெம்பியாவிலிருந்து வந்திருந்த ஜனகா என்ற இளம்பெண் குனிந்து பாசியைச் சுரண்டினாள். "மாடசாமி... தோண்டினது... ஐயோ, இது தமிழ்லா!" கூட்டமே திரும்பியது. "ஒங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா அங்கிள்?"

கிருபாலன் கண் கொட்டாமல் அவரையே பார்த்தான். மாடசாமியின் பேர் எப்படியோ வெளியே வந்துவிட்டது. ஆமாம், தமிழ்தான் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் கழுத்தில் தொங்கிய வழிகாட்டி அட்டையைத் தொட்டுக்கொண்டார்.

"தெரியாதும்மா. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன்."

அவளுக்குப் பாவமாகிவிட்டது. நல்ல பெண். அவர் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக் காட்டினாள்.

"இது மா. இது ட. சொல்லுங்க அங்கிள்."

"மா," என்றார் சின்னத்தம்பி. "ட."