சத்தம் வராத கீபோர்ட்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு திருநாள் பூசை முழுவதற்கும் கீபோர்ட் வாசித்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஓர் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சை மண்டபங்களிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் பயந்து நின்றிருக்கிறேன். ஆனால் அன்று நடுங்கியதுபோல ஒருநாளும் நடுங்கியதில்லை.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் ஒரு மிஸ் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுத்தார். எட்டு மாதத்தில் நான் மூன்று பாட்டுகள் பழகியிருந்தேன், அதுவும் தாளைப் பார்த்து, ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி. வீட்டில் அப்பா யாரிடமோ வாங்கிவந்த பழைய கீபோர்ட் ஒன்று இருந்தது. அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் வயலின், குழல், மேளம் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு தானாகவே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் நின்று பெரியம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அம்மாவின் அக்கா. மன்னார்ப் பக்கம் கடற்கரையோரம் இருக்கும் அவர்களுடைய ஊரில், லோறன்சியார் என்ற புனிதரின் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். நான் அதுவரை அந்த ஊரைக் கண்டதில்லை. ஏன் நாங்கள் போவதில்லை என்று கேட்டால், “ஊர் தூரம்” என்று மட்டும் அம்மா சொல்வார்.

“பிள்ளை, ஒண்டு வாசி. பெரியம்மா கேக்கட்டும்” என்று அம்மா உள்ளிருந்து கூப்பிட்டார்.

மிஸ் தந்த தாளைத் தேடினேன். காணவில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்குமுன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கட்டைகளைத் தொடாமல் அவற்றுக்கு மேலே விரல்களை ஓட்டினேன். அம்மா குசினி வாசலுக்கு வந்து போனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு குசினிக்குள் திரும்பிப் போனார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியம்மா மறுபடி போன் எடுத்தார். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் கோயிலுக்குப் பெரிய கீபோர்ட் ஒன்று அனுப்பியிருக்கிறார்களாம். மிருதங்கத்தையும் தாளத்தையும் தவிர வேறு வாத்தியம் காணாத கோயில் அது. ஊரில் அதைத் தொடத் தெரிந்தவர் எவருமில்லை. ஆகஸ்ட்டில் வரும் லோறன்சியார் திருநாளில் பாதர் அதை மந்திரித்து ஆசீர்வதித்து, அன்றைய பூசைக்கே வாசிக்கவேண்டும் என்கிறாராம்.

“உன்ர மகளைக் கூட்டிக்கொண்டு வாவன்” என்று பெரியம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

அம்மா போனை வைத்துவிட்டு, துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். பிறகு அப்பாவிடம் போய் மெதுவாகச் சொன்னார். அப்பா பேப்பரை மடித்துவைத்தார். “நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. எனக்கு லீவு கிடைக்காது” என்றார். அவருக்கு லீவு நிறையவே கிடந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். விடிய எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்; பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் போனால், அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. கட்டிலில் சேலைகளைப் பரப்பிவைத்து, ஒன்றை எடுப்பார், மடித்து வைப்பார், மறுபடி அதையே எடுப்பார். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். நான் வாசிக்கப்போவதை நினைத்து அவருக்கு இவ்வளவு பதற்றம் என்றால், வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் என்ன ஆவார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

திருநாளுக்கு முதல்நாள் விடிய மன்னார் பஸ் ஏறினோம். பஸ் கெட்டுப்போகும் என்று நம்பினேன். அது கெடவில்லை. மதவாச்சியில் தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்தினார்கள். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

“பிள்ளை, திரும்பிப் போவமா?”

எனக்கு உயிர் வந்தது. “ஓம் அம்மா, போவம்” என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தார். கொண்டக்டர் கதவில் தட்டி, “நகின்ன, நகின்ன” என்று சிங்களத்தில் எல்லாரையும் ஏறச் சொல்லிக் கத்தினார். அம்மா கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவருடைய கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. நாங்கள் ஏறினோம்.

ஊருக்குப் போனபோது பெரியம்மா வாசல் படலையடியில் நின்றார். நான் எதிர்பார்த்ததுபோலக் கட்டிப்பிடிக்கவில்லை. “வந்திட்டியா” என்று கேட்டு, அம்மாவின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். முற்றத்தில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒத்திகைக்காக மிருதங்கத்தின் ஒரு பக்கத்தில் பிசைந்த ரவையை அப்பிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்தார். மிருதங்கத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டிக் கோயில் பக்கம் போய்விட்டார். கீபோர்ட் வந்தால் மிருதங்கத்துக்கு இடமில்லை என்று நினைத்து, மாமா என்னைத்தான் வெறுக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

அம்மா அப்பாவைக் கலியாணம் முடித்தது கொழும்பில், பதிவுக் கந்தோரில். அப்பா வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. கோயிலில் கை பிடிக்காதவள் இந்த வாசலுக்கு வரத் தேவையில்லை என்று அன்று சொன்னவர் மாமா. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடங்களாக அம்மா ஊர்ப் பக்கம் போகவில்லை. பெரியம்மா மட்டும் இடைக்கிடை போன் எடுப்பார். இதெல்லாம் நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

அன்று பின்னேரம் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். தலையிடி என்று படுத்துக்கொண்டேன். எனக்குத் துணைக்கு என்று சொல்லி அம்மாவும் போகவில்லை. கோயிலில் பாடுவது வீட்டுக்குக் கேட்டது. அம்மா யன்னலடியில் இருந்து, சத்தமில்லாமல் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

திருநாள் காலை. கோயில் முழுக்க வெள்ளை உடுப்பும் மல்லிகைப் பூவும் புழுக்கமும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பட்டுத்துணியால் மூடிய கீபோர்ட். அதைப் பார்த்ததும் பெரியம்மாவின் சேலையைப் பிடித்து, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய் அழுதேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது பெரியம்மா. அண்டைக்குப் போனில கேட்டது நான் இல்லை. பொத்தானை அமத்தினனான்.”

பெரியம்மா முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். “அது எனக்கு அண்டைக்கே தெரியும். எட்டு மாசம் படிச்ச பிள்ளைக்கு வயலினும் மேளமும் எங்கால வரும்?”

“அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

தன் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். “நான் சத்தத்தை முழுக்கக் குறைச்சு விடுறன். நீ கையை வச்சுக்கொண்டிரு. நாங்கள் பாடுவம்.”

பாதர் பட்டுத்துணியை நீக்கி, தீர்த்தம் தெளித்துக் கீபோர்ட்டை மந்திரித்தார். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக ஏழெட்டுப் பேர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். பெரியம்மா கண்ணைக் காட்டினார். நான் கட்டைகளை அழுத்தினேன். அவை அமுங்கின, எழும்பின. ஒரு சத்தமும் வரவில்லை. பெரியம்மாவின் குரல் எழும்பியது, குழுவில் மற்றவர்கள் சேர்ந்தார்கள், பிறகு கோயில் முழுவதும் பாடியது. மாமா என்னை ஒருதரமும் பார்க்காமல் மிருதங்கத்தைத் தட்டினார். இப்போது யாராவது எழும்பி, “பிள்ளை, சத்தம் வரேல்லையே” என்று கேட்கப்போகிறார் என்று ஒவ்வொரு பாட்டிலும் காத்திருந்தேன். முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில், கதவோரம் இருந்தார். தலை குனிந்திருந்தது.

நற்கருணைப் பாட்டு வந்தது. பெரியம்மா முதல் அடிகளைப் பாடினார். இரண்டாவது சரணம் தொடங்கவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார். குழுவும் நின்றது. மிருதங்கம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். கையை நீட்டினார். ஊர் முழுவதும் அந்தக் கை போன திசையில் திரும்பியது.

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பெரியம்மா கையை இறக்கவில்லை.

கீபோர்ட் சத்தம் இல்லாததால் பாட்டு விழுந்துவிட்டது, என் பிழையை மூட அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி பாய்களுக்கு நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று சரணத்தைத் தொடங்கினார். அதுவரை குசினியில் அவர் முணுமுணுத்து மட்டுமே கேட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய குரல் அம்மாவுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அது முதலில் நடுங்கியது. பெரியம்மா சேர்ந்ததும் நேராக நின்றது.

அப்போதுதான் மாமா தாளத்தைத் தவறவிட்டார். இருபது வருடம் வாசிக்கிறவர், ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய கைகள் அந்தரத்தில் நின்றன. தோளில் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். அதையும் என் பிழைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பூசை முடிந்து கிழவிகள் என் கன்னத்தைத் தடவி, “நல்லா வாசிச்சாய் மோனை” என்றார்கள். மறுநாள் காலை மாமா பஸ் தரிப்புவரை வந்து எங்கள் பையை ஏற்றிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “நத்தாருக்கு வருவியோ?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினார். கிறிஸ்மஸ் பூசைக்கும் கீபோர்ட்டா?

மதவாச்சி தாண்டியபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, என்னாலதானே நீங்கள் எழும்பிப் பாடவேண்டி வந்தது?”

அம்மா யன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ஓம் பிள்ளை. உன்னாலதான்.”

அவ்வளவு பெரிய பிழை விட்டிருக்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நத்தாருக்குள் அந்தப் பாட்டையாவது ஒழுங்காகப் பழகிவிடவேண்டும் என்று, புத்தளம் வரும்வரை மடியில் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தேன்.